சார்ட் போடும் வரை

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயிலில் முன்பதிவு செய்தவரிடம் "டிக்கெட் கிடைச்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தது, கிடைக்கவில்லை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் குறைவு. "வெயிட்டிங் லிஸ்ட் நாப்பத்திரெண்டு, ஆயிடும்னு சொல்றாங்க" என்பார். சில வாரம் கழித்துக் கேட்டால் "ஆர்.ஏ.சி. வந்துடுச்சு, இனிமே பயமில்ல" என்பார். கிளம்பும் நாளில் ஊரிலிருந்து போன் வரும்: "என்ன சம்பந்தி, சார்ட் போட்டாச்சா?" பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத பாட்டிக்கும் இந்தச் சொற்களின் ஏறுவரிசை தெரியும். ஓர் அட்டவணையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது அதிலுள்ள ஒரு பதிவு எத்தனை விதமாக இருக்கலாம் என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அதை எழும்பூர் ரயில் நிலையமே கற்றுக்கொடுத்துவிட்டது.

அலுவலகக் காலண்டர், டாக்டரிடம் வாங்கும் நேரம், சினிமா இருக்கை, கல்யாண மண்டபம் என்று பலர் கைவைக்கும் எந்தப் பதிவேட்டிலும் 'நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். மென்பொருள் செய்பவர்கள் அதைக் கடைசியில், போகிற போக்கில் சேர்ப்பதுண்டு. நான்கு சொற்களைப் போட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எனக்கு அந்தக் கட்டம்தான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடியாகத் தெரிகிறது. தேதி, நேரம், பெயர் எல்லாம் வெறும் தகவல். நிலை ஒன்றுதான் வாக்கு. வாக்கு மாறும்போது இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். மாற வேண்டும், மாறியதை உரியவருக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதை எந்தெந்த ஏற்பாடு கணக்கில் வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆர்வம்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். கணினி வருவதற்கு முன்பு ஒரு ரயிலுக்கு, ஒரு தேதிக்கு, ஒரு பேரேடு இருந்தது. அதைக் கையில் வைத்திருக்கும் எழுத்தரிடம்தான் உண்மை இருந்தது. அவர் டீ குடிக்கப் போனால் உண்மையும் கூடவே போகும். மதுரையில் இருப்பவர் டெல்லியிலிருந்து திரும்பி வரவும் இடம் கேட்டால் இங்கிருந்து தந்தி அடிப்பார்கள். பதில் வரும்வரை அந்தப் பயணத்துக்கு ஒரு நிலையும் கிடையாது. 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு, ரயில்வேயின் மென்பொருள் வேலைகளுக்கென்றே 'கிரிஸ்' என்ற அமைப்பு உருவானது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள் தனித்தனித் தீவுகளாக இயங்கி, 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2002-இல் இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. இந்த வரலாற்றைச் சுருக்கினால், பேரேட்டின் மேல் வைக்கக்கூடிய கைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. ஒரு கை மட்டும் இருந்தபோது 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளே போதும். கைகள் பெருகியபோது நடுவில் புதிய நிலைகள் முளைத்தன.

இன்று ஒரு பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பயணிக்கும் எதிரே இரண்டு நிலைகள் தெரியும். ஒன்று, டிக்கெட் எடுத்தபோது இருந்தது. இன்னொன்று, இப்போது இருப்பது. முதலாவது அசையாது. இரண்டாவது நகர்ந்துகொண்டிருக்கும். எடுத்தபோது வெயிட்டிங் லிஸ்ட் 42, இப்போது 9 என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் மனிதருக்கு ஒரு கணக்குப் பிடிபடுகிறது. எவ்வளவு நாளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, மீதி நாளில் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று அவரே போட்டுப் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலான அலுவலக மென்பொருள்களில் இந்தப் பழைய நிலை அழிந்துபோகிறது. புதியது வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நேற்றுவரை 'உறுதி' என்று இருந்த கூட்டம் இன்று 'உத்தேசம்' என்று மாறியிருந்தால், அது முதலிலிருந்தே உத்தேசமாகத்தான் இருந்ததா, அல்லது நடுவில் யாராவது பின்வாங்கினார்களா என்று திரை சொல்லாது. ரயில்வேயைத் திட்டுவதற்கு நம்மிடம் ஆயிரம் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

விமானக்காரர்கள் இந்தச் சிக்கலை இன்னும் முன்பே சந்தித்தவர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் ஒரு காலத்தில் சுழலும் வட்ட மேசையைச் சுற்றி எழுத்தர்கள் உட்கார்ந்து அட்டைகளைத் தேடி எடுத்து இடம் குறித்தார்கள். ஒரு பதிவை முழுதாக முடிக்கச் சராசரியாக 90 நிமிடம் ஆனதாகச் சொல்வார்கள். 1953-இல் அந்த நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். விற்பனையாளரான பிளேர் ஸ்மித்தும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் தற்செயலாக அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பெயர் ஒற்றுமையில் பேச்சு தொடங்கியது என்று கதை. அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் 'சேபர்' என்ற முன்பதிவு ஏற்பாடு. 1964-க்குள் அது நிறுவனம் முழுவதற்கும் விரிந்துவிட்டது.

அந்த வெற்றிக்கதையைவிட என்னைக் கவர்வது விமான முன்பதிவில் இன்றும் புழங்கும் இரண்டெழுத்துக் குறிகள். தந்தி இயந்திரக் காலத்தின் சிக்கனம் அவற்றில் இருக்கிறது. இடம் உறுதி என்றால் எச்.கே., காத்திருப்பு என்றால் எச்.எல்., கொடுக்க இயலாது என்றால் யு.என். இவற்றுக்கு நடுவே கே.எல். என்று ஒன்று உண்டு. காத்திருப்பில் இருந்தவருக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று இதற்குப் பொருள். அப்படியானால் நேராக எச்.கே. என்று மாற்றிவிட்டுப் போகலாமே, தனிக் குறி எதற்கு? காரணம் இருக்கிறது. இடம் உறுதியானது விமான நிறுவனத்துக்குத் தெரியும். பயணிக்கு இன்னும் தெரியாது. டிராவல் ஏஜென்ட் திரையில் கே.எல். என்று பார்த்ததும் பயணியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவரே தன் கையால் அதை எச்.கே. ஆக்க வேண்டும். பறக்கும் நேரம் மாறினாலும் இதே ஏற்பாடுதான்: டி.கே. என்று வந்து நிற்கும், சொன்ன பிறகு எச்.கே. ஆகும். மாறியது, சொல்லியாகிவிட்டது என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கே ஒரு பெயர் வைத்த ஆட்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஏஜென்ட் சோம்பேறியாக இருந்து, யாரையும் கூப்பிடாமலே குறியை மாற்றிவிடலாம்தான். அப்போதும் பொய் சொன்னது அவர் என்று ஆகிவிடும்; இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது.

இதே இடைவெளியை இன்றைய காலண்டர்கள் வேறு விதமாகக் கையாள்கின்றன. அலுவலகத்தில் ஒருவர் கூகுளையும் இன்னொருவர் அவுட்லுக்கையும் வைத்துக்கொண்டு ஒரே கூட்டத்துக்கு ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்ள முடிவது 'ஐகேலண்டர்' என்ற பொது வரையறையால். 1998-இல் வந்து, 2009-இல் திருத்தி எழுதப்பட்ட வரையறை அது. வாசிப்பதற்கு வறண்ட ஆவணம்தான். ஆனால் அதை எழுதியவர்கள் மனிதர்களைக் கவனித்தவர்கள். கூட்டத்துக்கு ஒரு நிலை: உத்தேசம், உறுதி, ரத்து. அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிலை: வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம், வேறு ஆளை அனுப்புகிறேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அழைப்பு போன கணத்திலேயே ஒட்டிக்கொள்ளும் ஒரு நிலை உண்டு: இன்னும் ஒன்றும் செய்யவில்லை. மௌனமும் ஒரு நிலை என்று அவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். இது தவிர, அந்த நேரம் அவருக்கு அடைபட்டதா இல்லையா என்பதற்கு வேறொரு குறிப்பு. பிறந்தநாள் போன்றவை காலண்டரில் இருக்கும், நேரத்தை அடைக்காது. ஒவ்வொரு முக்கியமான திருத்தத்துக்கும் ஒரு வரிசை எண் ஏறும். பழைய எண்ணுள்ள தாளை வைத்துக்கொண்டு ஒருவர் 'வருகிறேன்' என்று சொன்னால், அவர் எந்தக் கூட்டத்துக்குச் சம்மதித்தார் என்பது அதனால் தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் அதில் இருக்கிறது. கூட்டம் நடக்கும் அறையையும் அழைக்கப்பட்டவர்களில் ஒருவராகச் சேர்க்கலாம். அறை தன் பங்குக்குச் 'சம்மதம்' என்று பதில் அனுப்பும். முதலில் கேட்டவருக்குச் சம்மதித்துவிட்டு, அடுத்துக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்லிவிடும். அந்த அலுவலகத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காமல் முடியாது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையாகத்தான் இருக்கும்.

மனிதர்களிடம்தான் சிக்கல். 'பார்க்கலாம்' என்ற நிலை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மேலதிகாரி ஒரு நேரத்தை உத்தேசம் என்று குறித்தால் கீழே உள்ள ஏழு பேருக்கு அது உறுதி. அந்த நேரத்தில் அவர்கள் வேறொன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே உள்ளவர் உத்தேசம் என்று குறித்தால் அது காலி இடம். மேலே வேறொரு கூட்டம் வந்து உட்காரும். மென்பொருள் இரண்டையும் ஒரே நிறத்தில்தான் காட்டுகிறது. நிற்காமல் வந்துகொண்டிருக்கும் பேருந்தின் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் துண்டும் ஓர் உத்தேசப் பதிவுதான். ஆனால் யாருடைய துண்டு மதிக்கப்படும், யாருடையதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உட்காருவார்கள் என்பதில் சாதி, வயசு, உடம்பு, குரல் எல்லாம் கலந்திருந்தது, கலந்திருக்கிறது. உத்தேசத்துக்குக் கெடு வைக்காத எந்த ஏற்பாட்டிலும் வலுத்தவருடைய துண்டுதான் நிற்கும். இணையத்தில் சினிமா டிக்கெட் எடுக்கும்போது தேர்ந்தெடுத்த இருக்கை சில நிமிடம் நமக்கென்று பூட்டப்பட்டு, பணம் கட்டாவிட்டால் தானாகத் திறந்துகொள்கிறது. பார்ப்பதற்குக் கறார்போலத் தோன்றும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. கலெக்டர் மகனுக்கும் கடைப் பையனுக்கும் கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுகிறது.

கல்யாண மண்டப மேலாளர்கள் இதை எந்தக் கணினியும் இல்லாமலே நடத்திக் காட்டியவர்கள். தேதியைப் 'பிடித்து வைப்பது' வேறு, 'அட்வான்ஸ் போடுவது' வேறு. பிடித்து வைத்த தேதியை வேறொருவர் பணத்தோடு வந்து கேட்டால், முதலில் பிடித்தவருக்கு ஒரு போன் போகும்: "அண்ணே, அந்த முகூர்த்தத்துக்கு வேற பார்ட்டி வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க." அந்த ஒரு போன்தான் நாகரிகம். அது போடப்படாத ஊர்களில் மண்டப வாசலில் சண்டை நடந்திருக்கிறது.

ஆர்.ஏ.சி.க்கு வருகிறேன். நிலைகளிலேயே இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை. யாராவது ரத்து செய்தால் உனக்கு முழுப் படுக்கை. இல்லாவிட்டால் சைடு லோயரை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்டு உட்கார்ந்தே வா. ஆனால் ரயிலில் உனக்கு இடம் உண்டு, அதில் சந்தேகமில்லை. உறுதியையும் ஐயத்தையும் பிரித்து, எது எவ்வளவு என்று அளந்து கையில் கொடுத்துவிடுகிறது. முன்பின் தெரியாத இருவர் முதுகு சாய்க்க இடமில்லாமல் முழங்காலை மடித்து, நடு இரவில் "நீங்க கொஞ்ச நேரம் படுங்க சார், நான் திண்டுக்கல் வரைக்கும் உக்காந்துக்கிறேன்" என்று விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். பாதிப் படுக்கைக்கு முழுக் கட்டணம் வாங்குவது மட்டும் எந்தக் கணக்கில் சேரும் என்று விளங்கவில்லை.

வெயிட்டிங் லிஸ்ட் அப்படியல்ல. அது நம்பிக்கையை எண் போட்டு விற்கிறது. எண் ஒன்றாகவே தெரிந்தாலும் வரிசை ஒன்றல்ல. ஒரே ரயிலில், ஒரே வகுப்பில், எங்கே ஏறி எங்கே இறங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பொது வரிசை, இடை ஊர்களுக்கான வரிசை, பல ஊர்களுக்கும் சேர்த்து வைத்த சிறு ஒதுக்கீட்டின் வரிசை, தட்கல் வரிசை என்று வேறு வேறு. பொது வரிசையில் 20 இறங்கிவிடக்கூடும். இன்னொன்றில் 5 அசையாமல் கிடக்கும். தட்கல் வரிசைக்கு ஆர்.ஏ.சி. என்ற நடுப்படியே இல்லை; ஒன்று மேலே, இல்லையேல் வெளியே. எண்ணின் முன்னால் நிற்கும் நான்கெழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது புரியும். தெரியாதவர் எண்ணை மட்டும் பார்த்து அம்மாவிடம் "வந்துடுவேம்மா" என்று சொல்லிவிடுவார்.

சார்ட் போட்ட பிறகும் இந்த நிலை எல்லோருக்கும் ஒரே முடிவைக் கொடுப்பதில்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே காத்திருப்பில் நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகி, பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். கவுன்ட்டரில் எடுத்த காகித டிக்கெட் அப்படித் தானாகச் சாகாது. அதை எடுத்தவர்தான் ரயில் கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்து பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். திரும்பும் பணத்திலும் 2015-இல் திருத்திய விதிகளின்படி ஆள் ஒன்றுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் பிடிப்பார்கள். இடம் கொடுக்காததற்கும் கூலி. இணைய டிக்கெட்டில் எந்த எழுத்தர் எதை எழுதினார் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

பெயரே வைக்கப்படாத நிலைகளும் உண்டு. தட்கல் நேரத்தில், காலை 10 மணிக்கு ஏ.சி.க்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கும் அந்தச் சில நிமிடங்களில், பணம் வங்கியிலிருந்து போய்விடும், டிக்கெட் வந்திருக்காது. வங்கியைக் கேட்டால் கட்டியாகிவிட்டது என்கிறது. முன்பதிவுத் தளத்தில் அப்படி ஒரு டிக்கெட்டே இல்லை. பணம் பிறகு திரும்பி வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு நடுவில் அந்த மனிதர் எங்கே நிற்கிறார்? மறுபடி பணம் கட்டலாமா, கட்டினால் இரண்டு டிக்கெட் ஆகிவிடுமா, கையில் இருப்பதே அவ்வளவுதான் என்றால் என்ன செய்வது? இரண்டு பேரேடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும், இத்தனை நேரத்துக்குள் தீரும் என்ற வாக்கும் கொடுத்திருந்தால் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

ரத்து செய்வதையும் அழிப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பொதுவில் வைத்திருக்கும் எக்செல் தாளில் வரவேற்பறை ஊழியர் ஒரு வரியையே தூக்கிவிட்டால், காலியான கட்டம் 'யாரும் கேட்கவில்லை' என்று சொல்கிறதே ஒழிய, 'ஒருவர் கேட்டார், பிறகு வேண்டாம் என்றார்' என்று சொல்வதில்லை. வேண்டாம் என்றவருக்குத் திருப்பித்தர வேண்டிய பணமும் அந்த வரியோடு போய்விடும். அதனால்தான் பி.என்.ஆரில் ரத்தான பயணி ரத்தானவராகவே பட்டியலில் நிற்கிறார். டி.டி.இ.யின் பட்டியலில் வராதவர் என்று தனிக் குறிப்பு வேறு. சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் சொல்லாமல் வராமல் இருப்பதும் ஒன்றாகுமா? முன்பெல்லாம் அந்தக் குறிப்பு காகிதத்தில் இருந்ததால், காலிப் படுக்கை யாருக்குப் போனது என்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது டி.டி.இ.க்களிடம் கையடக்கக் கருவி வந்திருக்கிறது. அவர் குறித்ததும் அது மையக் கணினிக்குப் போய், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு நிலை நகர்கிறது. கருப்புக் கோட்டைச் சுற்றி நின்ற கூட்டம் முழுதாகக் கலைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

நீண்ட காலமாக முதல் சார்ட் ரயில் கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு போடப்பட்டது. அதிகாலை ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தவர் அந்த இரவைத் தூங்காமல் கழித்தார். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து வருபவர் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஜங்ஷனுக்கு வந்து, அங்கே திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டு, திரும்பிப் போகப் பேருந்து இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2025 ஜூலையில் சார்ட்டை எட்டு மணி நேரம் முன்பே போடும் முறை தொடங்கியது. காலை 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய இரவு 9 மணிக்கே போட்டுவிட வேண்டும் என்றார்கள். மாறியதற்கும் சொல்வதற்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றி ரயில்வேயில் யாரோ யோசித்திருக்கிறார்கள். இல்லை என்பதைச் சீக்கிரம் சொல்வதும் ஒரு மரியாதை. அவர் வேறு பேருந்தைப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் சீக்கிரம் சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. முதல் சார்ட்டோடு இணைய வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு இரண்டாவது சார்ட் போடும்வரை, ஆட்கள் ரத்து செய்துகொண்டேதான் இருப்பார்கள். யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ லீவு இல்லை. அப்படிக் காலியாகும் படுக்கைகளில் ஆர்.ஏ.சி.காரர்களுக்குப் போக மிஞ்சியவை கரன்ட் புக்கிங்கில் விற்பனைக்கு வரும். அறுபது நாளாக வரிசையில் நின்று முதல் ஆளாக வந்து சேர்ந்திருந்தவர் இப்போது அந்த வரிசையிலேயே இல்லை. அந்தப் படுக்கை வேண்டுமானால், இப்போதுதான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தவரோடு சேர்ந்து அவரும் புதிதாகத் தேடிப் பணம் கட்ட வேண்டும். பழைய டிக்கெட்டின் பணம் இன்னும் வங்கிக்கு வந்து சேர்ந்திருக்காது.